காலில் கட்டிய சீட்டு



மொழி குறித்த உரைத்தொடரில் ஆந்தைக்கு என்ன வேலை என்று தாங்கள் எண்ணலாம். ஓர் ஆந்தை 113 ஆண்டுகள் பறவையியலாளர் கண்ணுக்குத் தப்பியிருந்தது. அவர்கள் அதனைத் தேடி வழிதவறியதில் எழுத்தில் இருந்த சில சொற்களுக்கும் பங்குண்டு. அதனாலேயே அதனை இவ்வவைக்கு அழைத்து வந்தேன்.

1872இல் நடு இந்தியக் காட்டில் பிளூவிட் என்பவர் சிற்றாந்தை ஒன்றைச் சேகரித்தார். மறு ஆண்டு ஹியூம் அதனைப் புதிய இனம் எனக் கண்டு, பிளூவிட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார். தமிழில் அதனைக் காட்டுச் சிற்றாந்தை என்று சொல்லிக்கொள்வோம். ஊர்ப்புறங்களில் காணும் புள்ளி ஆந்தையை ஒத்தது. ஆயினும் உச்சந்தலையில் புள்ளிகள் மிகக் குறைவு, அடிவயிறு தூய வெண்மை, கால்கள் தடித்தவை. 1884இல் மேற்கிந்தியாவின் காந்தேசப் பகுதியில் டேவிட்சன் சேகரித்ததோடு அதன் வரலாறு நின்றுபோயிற்று. உலக அருங்காட்சியகங்களில் எஞ்சியவை ஏழே தோல்கள். ஊர்மக்கள் அதனைக் கண்டிருக்கலாம். நூல்களில் அது ஏறவில்லை.

நமது லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்குச் சென்ற மாணவர்கள் பதப்படுத்திய உயிரினங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆய்வுக்கெனப் பாதுகாக்கும் பறவைத் தோலின் காலில் ஒரு சீட்டுக் கட்டியிருப்பார்கள். எங்கே, எந்நாளில், எவரால் பெறப்பட்டது என்பது அதில் இருக்கும். மூன்று வரிதான். அம்மூன்று வரியை நம்பியே பின்வருவோர் காடேறுகிறார்கள்.

ஏழு தோல்களில் ஒன்றின் சீட்டு, அது 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் கிடைத்ததாகக் கூறிற்று. எழுதியவர் பெயர்பெற்ற பறவையியலாளரும் படைத்தளபதியுமான ரிச்சர்ட் மைனர்ட்சகன். அவ்வளவு பெரியவர் எழுதியதை ஐயுறுவார் யார்? தேடல்கள் தொடர்ந்தன. சாலிம் அலியும் டில்லன் ரிப்ளியும் தேடியும் பறவை அகப்படவில்லை. கண்டுவிட்டோம் என்று ஒருமுறை நிழற்படமும் காட்டப்பட்டது. ஆராய்ந்தால் அது புள்ளி ஆந்தை!

தென்னாசியப் பறவைகள் குறித்து ரிப்ளி தொடங்கிய நூற்பணியில் ஈடுபட்டிருந்தவர் பமேலா ராஸ்முசன் என்னும் அமெரிக்க அறிஞர். ஏடுகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரைப் போலவே அவர் தோல்களை ஒப்புநோக்கினார். மைனர்ட்சகனின் ஆந்தையில் பழைய பஞ்சை நீக்கிப் புதிதாக அடைத்துத் தைத்திருந்தார்கள். எனினும் முதலில் பதப்படுத்திய கையின் தடயம் முற்றும் மறையவில்லை. அது டேவிட்சனின் கை. இலண்டன் அருங்காட்சியகத்திலிருந்து திருடிய தோலுக்குப் பொய்ச்சீட்டுக் கட்டப்பட்டிருந்தது. ஆக, மாண்ட்வியும் பொய், 1914உம் பொய். திருட்டைவிட அந்தச் சீட்டே பெருங்கேடு என்பது என் கருத்து. போன தோல் மீண்டும் கிடைத்தது. தேடியவர்களின் ஆண்டுகள் கிடைக்குமா?

1997 நவம்பரில் ராஸ்முசன், பென் கிங், டேவிட் அபட் ஆகிய மூவரும் இந்தியா வந்தனர். பொய்ச்சீட்டின் ஊரை ஒதுக்கி, மெய்ச்சீட்டுகளின் ஊர்களை மட்டுமே நாடினர். முதலில் கிழக்குப் பகுதி: காடு அழிந்திருந்தது, ஆந்தை இல்லை. பிறகு மேற்கே காந்தேசம். நாட்கள் கழிந்துகொண்டிருந்தன. நவம்பர் 25ஆம் நாள் காலை, மகாராஷ்டிரத்தின் ஷஹாதாவுக்கு அருகிலிருந்த மலையடிவாரக் காட்டில் பென் கிங் ஓர் ஆந்தையைச் சுட்டினார். ராஸ்முசன் நோக்கினார். புள்ளியற்ற தலை; தடித்த கால்; வெண்ணிற அடிவயிறு. காலை வெயிலில், மறைவேதுமின்றி அது அமர்ந்திருந்தது.

மகிழ்ச்சி மிகுதியில் அவர்கள் கடமையை மறக்கவில்லை. நிழற்படமும் எடுத்தார்கள், காணொளியும் எடுத்தார்கள். இடத்தையும் நாளையும் உள்ளபடி எழுதிவைத்தார்கள்.

ஆந்தை என்றால் இரவுப் பறவை என்பது நம் எண்ணம். இதுவோ பகலிலும் வேட்டையாடுவது. அடர்காட்டைவிட இடைவெளியுள்ள தேக்குக் காடுகளில் மிகுதியாகக் காணப்படுவது. இவையெல்லாம் அதன்பின் தெரியவந்தவை. மெய்யான குறிப்புகள் கிடைத்ததும் மேல்காட் முதலிய பிற காடுகளிலும் ஆய்வாளர்கள் அதனைக் கண்டார்கள். 2014இல் மும்பைக்கு அருகிலுள்ள தான்சா சரணாலயத்திலும் அது தென்பட்டது.