ஆதுலர் சாலையும் அஷ்டபந்தனமும்
(மகா கும்பாபிஷேக விழாச் சொற்பொழிவு)



கும்பாபிஷேகச் சடங்குகளுள் தலையாயவற்றுள் ஒன்று அஷ்டபந்தனம் சாத்துதல். கொம்பரக்கு, சுக்கான் கல், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டுப் பொருள்களையும் ஒன்றுகூட்டிப் பதம் வரும்வரை இடித்து, அதனால் மூலவர் திருமேனியையும் பீடத்தையும் பிணைக்கின்றனர். இதனை மக்கள் 'மருந்து' என்றே வழங்குவர். அந்த எட்டினுள் எதுவும் தனித்து நின்று கல்லைக் கல்லோடு பிணைக்க வல்லதன்று. மெழுகு உருகிப்போகும்; அரக்கு உடைந்துபோகும்; காவிக்கல் பொடியாய் உதிரும். எட்டும் கூடி இடிபட்ட பின்னரே அவை மருந்தாகின்றன. அம்மருந்தும் என்றென்றும் நிற்பதன்று. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்தல் வேண்டும் என்பது முன்னோர் வகுத்த மரபு.

ஓர் ஊரின் உடல்நலமும் இத்தகையதே. வைத்தியர் ஒருவரால் மட்டும் அது வருவதில்லை. அரசால் மட்டும் வருவதில்லை. கொடையாளர் பொருளால் மட்டும் வருவதுமில்லை. இவை யாவும் கூடும்போது வருகிறது. கூட்டு தளர்ந்தால் நழுவிப் போகிறது.

ஆலயத்துக்கும் நோய் தீர்க்கும் பணிக்கும் உள்ள உறவு நேற்று இன்று தோன்றியதன்று. சூலை நோயால் துடித்த மருணீக்கியார் திருவதிகையில் தம் தமக்கையார் திலகவதியாரையே நாடி வந்தார். தமக்கையார் அளித்த திருநீறும் வீரட்டானத்து இறைவன் திருவருளும் அவரை நோயினின்று மீட்டன. மீண்டவர் திருநாவுக்கரசராகி என்ன செய்தார்? பாடியதோடு அமையாமல், உழவாரப் படையைக் கையில் ஏந்திக் கோயில்தோறும் புல்லும் முள்ளும் நீக்கினார். நோய் நீங்கப் பெற்றவர் பிறர் நடக்கும் வழியைத் தூய்மை செய்கிறார் என்பது எண்ணி எண்ணி இன்புறத் தக்கது. பின்னர்ப் பஞ்சம் வந்தபோது, திருவீழிமிழலையில் அவரும் திருஞானசம்பந்தரும் இறைவனிடம் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்த வரலாற்றையும் பெரிய புராணம் போற்றுகிறது. காசு இறைவன் அளித்தது; உலை வைத்ததும் இலை இட்டதும் மனிதக் கைகள்.

இந்த நெறியைக் கல்லில் காண விரும்புவோர் காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலுக்குச் செல்லலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்விடத்தில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் மதிலில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து கல்விச் சாலையும், மாணவர் உணவுச் சாலையும், 'வீரசோழன்' என்ற பெயருடைய ஆதுலர் சாலையும் நடந்ததை அது கூறுகிறது. ஆதுலர் என்பார் நோயாளர். அச்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவைப் பண்டுவம் செய்வார் ஒருவர். மருந்து மூலிகைகளையும் விறகையும் கொண்டுவர இருவர். நோயாளரைப் பேணப் பெண்டிர் இருவர். நாவிதர் ஒருவர். நீர் கொணர்வார் ஒருவர். நோயாளிக்கு நாள்தோறும் நாழி அரிசி. இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய். வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம் முதலாகச் சேமித்து வைத்த மருந்துகளின் பெயர்களும் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

இப்பட்டியலை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் பழம்பெருமை பேசி அகல்வது எளிது. சற்றே நின்று நோக்கினால் அதன் நுட்பம் புலனாகும். மருத்துவரின் பெயருக்கு இருக்கும் இடம் விறகு கொண்டுவருவோனுக்கும் உண்டு. கஷாயம் காய்ச்ச நெருப்பு வேண்டும். புண் கழுவ நீர் வேண்டும். நள்ளிரவில் நோயாளி முனகினால் முகம் பார்க்க விளக்கு வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் 90 கலம் பெறும் மருத்துவரின் கல்வி பயன்படாது. இதனை அறிந்தவர்களே அக்கல்வெட்டை எழுதுவித்தனர். அரசன் ஆணையும், கோயிலின் நிலவருவாயும், தொழில் அறிந்தோர் உழைப்பும் அங்கே ஒன்று கூடின.

ஆனால், அன்பர்களே, கல்வெட்டு இருக்கிறது, படுக்கைகள் இல்லை. கல் நின்றது, கூட்டு நிற்கவில்லை. எந்தக் கொடையாயினும், அதனைக் கண்காணித்துக் கைமாற்றிக் கொடுப்போர் அற்றுப்போனால், எஞ்சுவது எழுத்து மட்டுமே.

கண்காணிப்பு எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்பதற்கு உத்திரமேரூர் சான்று பகர்கிறது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள், குடவோலை முறையால் வாரியங்களுக்கு ஆள் தெரிந்ததை விளக்குகின்றன. ஊரார் உண்ணும் நீருக்கும் விளையும் வயலுக்கும் உயிரான ஏரியைக் காக்க ஏரி வாரியம் என ஒன்று தனியே இருந்தது. வாரியத்தார் பணிக்காலம் 360 நாள். முன்னர்ப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரிந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் அவ்வாறே. பொதுப்பணத்தைத் தொட்டவர் கணக்குக் காட்ட வேண்டும் என்ற இந்த ஒரு விதி போதும், எத்தனையோ அறங்களைக் காப்பாற்ற. எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. அச்சபை நிலமும் மனையும் கல்வியும் உடையோரின் சபை. ஏரியில் நீர் மொண்ட பெண்டிருக்கும், வயலில் உழைத்த ஏழையருக்கும் அங்கே ஓலை இல்லை.

அக்குறையைப் பிற்காலத்தில் நிறைத்துக் காட்டிய இடங்களும் உண்டு. மராட்டிய நாட்டின் வறண்ட பகுதியான ஜாம்கேடில், 1970-ஆம் ஆண்டில் ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே என்னும் மருத்துவத் தம்பதியர் பணி தொடங்கினர். ஊர்தோறும் ஊராரே ஒரு பெண்ணைத் தெரிந்தனுப்ப, அவளுக்கு உடல்நலப் பயிற்சி அளித்தனர். அவர்களுட் பலர் எழுத்தறியாதவர். தாழ்த்தப்பட்டோர் எனத் தள்ளி வைக்கப்பட்டோரும் இருந்தனர். அப்பெண்களே கருவுற்றோரைக் கண்டு பேணினர். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஊட்டக் கற்பித்தனர். நேற்றுவரை திண்ணையில் ஏற விடாத வீடுகள் அவர்களை அடுக்களைக்கே அழைத்துச் சென்றன. நோய் நீங்கியதோடு நெஞ்சின் மாசும் சிறிது நீங்கிற்று.

இன்னும் அணித்தே கேரளம் இருக்கிறது. தீராத நோயுற்றோரின் வலி தணிக்கும் பணிக்கென 1993-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் ஒரு சங்கம் தோன்றியது. மருத்துவமனைக்கு வர இயலாமல் வீட்டில் கிடப்போரே மிகப் பலர் என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். எனவே 2001-ஆம் ஆண்டு முதல், மலப்புறம் முதலான பகுதிகளில் அண்டை வீட்டாரையே தொண்டராக்கிப் பயிற்சி அளிக்கும் முறை வளர்ந்தது. செவிலியர் வீடு தேடிச் சென்று படுக்கைப் புண்ணுக்கு மருந்திட்டனர். தொண்டர் அருகமர்ந்து பேசினர். வீட்டில் அரிசி இல்லையேல் அரிசி கொடுத்தனர். பிள்ளையின் படிப்பு நின்றிருந்தால் அதற்கும் வழி தேடினர். செலவுக்கான பொருளிற் பெரும்பகுதி, செல்வர் ஒருவர் அள்ளிக் கொடுத்ததன்று. பலர் கிள்ளிக் கொடுத்தது. அதன் வலிமை கண்டு, 2008-ஆம் ஆண்டில் அம்மாநில அரசு இப்பணிக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

பெருங்கொடை கோபுரத்தை எழுப்பும். அது போற்றுதற்குரியது, அதன் நிழலில்தான் ஊர் கூடுகிறது. ஆனால் அக்கோபுரம் தெரியும் தொலைவிலேயே ஒரு வீட்டில், திருவிழாவின் நாதசுரம் காதில் விழ, எழுந்து வந்து காண முடியாமல் ஒரு முதியவர் கிடக்கக்கூடும். சுவாமி புறப்பாடு அவர் வாயிலைக் கடக்கும்போது தீபாராதனை அவருக்கும் எட்ட வேண்டுமெனில், புறப்பாடில்லாத நாள்களிலும் அவ்வாயிலுக்குள் ஒருவர் நுழைந்திருத்தல் வேண்டும்.

இதற்குப் புதிய பொருட்குவியல் தேவையில்லை. திருக்குளத்தில் குப்பை சேராமலும் மழைநீர் வரும் கால்வாய் அடைபடாமலும் காப்பது ஒரு பணி. அன்னதானத்தில் ஒரு பங்கை நடக்க இயலாதோர் இல்லத்துக்குக் கொண்டு சேர்ப்பது ஒரு பணி. அரசு மருத்துவ நிலையத்தாரை அழைத்து, மண்டபத்தில் திங்கள்தோறும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செய்வது ஒரு பணி. வரவு செலவை யாவரும் காணக் கோயில் சுவரில் எழுதி ஒட்டுவது அனைத்தினும் முதற்பணி. திருப்பணிக்குச் செங்கல் சுமந்த கை, இவற்றுள் ஒன்றையேனும் சுமக்க வல்லதே.

இன்று சாத்திய மருந்து இறுகிவிட்டது. 12 ஆண்டுகள் அதனைப் பற்றிய கவலை இல்லை. ஊரார் தம்முள் கொண்ட பிணைப்போ நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டுவது. அடுத்த கும்பாபிஷேகத்தின்போது கோபுரத்தின் வண்ணம் மங்கியிருக்கலாம்; மீண்டும் தீட்டிக்கொள்ளலாம். அன்று இவ்வூரில் கவனிப்பாரற்றுக் கிடப்பவர் ஒருவரும் இலர் என்று சொல்லும் நிலை வாய்க்குமாயின், அதுவே இத்திருப்பணியின் நிறைவு. எல்லாம் வல்ல இறைவன் அதற்கு அருள் புரிவானாக.