சோர்ந்த நெஞ்சுக்கு இறைவார்த்தை

(பங்கின் பொன்விழா நவநாளில் ஆற்றிய உரை)



பொன்விழா என்றதும் நம் கண்முன் வருபவை கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி, கூட்டுத் திருப்பலி, அன்பு விருந்து. இவை யாவும் நல்லவை. நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற பக்தி முறைகள். ஆனால் கொடி இறங்கி, பந்தல் பிரித்து, உறவினர் ஊர் திரும்பிய மறுநாள் காலையில் நம்மிடம் எஞ்சியிருப்பது என்ன? கடன்பட்டவருக்கு அதே கடன். நோயாளிக்கு அதே நோய். பிழைப்புத் தேடி வெளிநாடு போன மகனை எண்ணி ஏங்கும் தாய்க்கு அதே ஏக்கம். எத்தனை நவநாள் செய்தோம், எத்தனை செபமாலை சொன்னோம், பலன் என்ன என்று மனம் சோர்ந்தவர்கள் இக்கோயிலுக்குள்ளும் இருக்கின்றனர். அவர்களை முன்னிட்டே இன்று விவிலியத்தைத் திறக்கின்றோம். சோர்வு பாவமன்று. இறைவனின் அடியார்கள் சோர்ந்துபோன வரலாற்றை மறைக்காமல் சொல்லும் நூல் விவிலியம். அதிலிருந்து நான்கு இடங்களை எடுத்துச் சிந்திப்போமாக.

முதலாவது: மன்னிப்பில் தொடங்கும் விழா

ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடும் வழக்கம் எங்கிருந்து வந்தது? லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஏழு முறை ஏழு ஆண்டுகள், ஆக 49 ஆண்டுகள் கழிந்தபின் வரும் 50-ஆம் ஆண்டைப் புனித ஆண்டாகக் கொள்ளும்படி ஆண்டவர் மோயீசன் வழியாகக் கட்டளையிட்டார். 'யோபேல்' என்னும் எபிரேயச் சொல் ஆட்டுக்கடாவையும் அதன் கொம்பையும் குறிக்கும். அதிலிருந்து வந்ததே 'ஜூபிலி' என்ற சொல். அந்த ஆண்டில் வறுமையால் விற்ற நிலம் உரிய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். கடனால் அடிமையாய்ப் போன சகோதரன் தன் பிள்ளைகளோடு வீடு திரும்ப வேண்டும்.

இதில் நாம் பெரும்பாலும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. ஜூபிலி எக்காளம் ஆண்டின் முதல் நாளில் ஊதப்படவில்லை. அறுவடை விழாவிலும் ஊதப்படவில்லை. ஏழாம் மாதம் பத்தாம் நாள், பாவப் பரிகாரப் பெருநாளில் ஊதப்பட்டது. மக்கள் தங்களை ஒறுத்து, பாவ மன்னிப்புக்காக இறைவன்முன் நின்ற நாள் அது. முதலில் ஒப்புரவு, பிறகே எக்காளம் என்பது இறைவன் வகுத்த ஒழுங்கு. கி.பி. 1300-இல் பாப்பரசர் 8-ஆம் போனிபாஸ் அறிவித்த முதல் ஜூபிலி தொடங்கி, 2025-இல் நாம் கொண்டாடிய ஜூபிலி வரை, திருச்சபையும் பாவ மன்னிப்பையே அதன் மையமாக வைத்துள்ளது.

அப்படியானால் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். ஒரு வேலித் தகராறுக்காகப் பல ஆண்டுகளாய்ப் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் நம்மிடையே இல்லையா? ஒரே பலிபீடத்தில் ஒரே அப்பத்தை உண்டுவிட்டு, வாசற்படி தாண்டியதும் சாதியைக் கேட்கும் பழக்கம் நம்மை விட்டுப் போய்விட்டதா? நம் நாட்டில் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிச் சுவர் எழுப்பிய பங்குகளும் இருந்தன என்பது வெட்கத்துக்குரிய உண்மை. அடிமைப்பட்ட சகோதரன் வீடு திரும்பாத ஆண்டு ஜூபிலி ஆண்டு ஆகாது. எத்தனை வேட்டுகள் வெடித்தாலும் அது வெறும் சத்தமே. இவ்விழாவுக்குள் ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாரின் படியேறி, 'வாங்க, சேர்ந்து கோயிலுக்குப் போவோம்' என்று அழைத்தால், அதுவே நம் பொன்விழாவின் முதல் எக்காளம்.

இரண்டாவது: சூரைச் செடியின் கீழ் ஒரு இறைவாக்கினர்

அரசர் ஆகமம் முதல் நூல் 19-ஆம் அதிகாரம். கார்மேல் மலையில் பாகாலின் பூசாரிகள் முன்னிலையில் வானத்து நெருப்பை வருவித்த எலியாஸ், அரசி யெசபேலின் ஒரே மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பாலைவனத்தில் ஒரு நாள் தூரம் நடந்து, ஒரு சூரைச் செடியின் கீழ் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி இறைவனிடமே கேட்கிறார். வெற்றிக்கு மறுநாள் வந்த சோர்வு இது. எலியாசுக்கே வந்தது என்றால் நமக்கு வருவதில் வியப்பென்ன?

இறைவன் அவருக்கு என்ன செய்தார்? கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தூங்கவிட்டார். பிறகு வானதூதர் வந்து தட்டியெழுப்பினார். தலைமாட்டில் சுடுகல்லில் வெந்த அப்பமும், ஒரு சாடி நீரும் இருந்தன. எலியாஸ் உண்டார், மீண்டும் படுத்துவிட்டார். வானதூதர் சலிக்காமல் இரண்டாம் முறையும் வந்து, பயணம் நீண்டது என்று சொல்லி உண்ணச் செய்தார். அந்த உணவின் வலிமையால் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்தார். வீட்டில் ஒருவர் மனமுடைந்து கிடக்கும்போது நாம் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இது பாடம். உபதேசம் பிறகு. ஒரு வாய் கஞ்சியும், பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஒரு துணையும் முதலில். வானதூதர் செய்த வேலை அதுதான்.

மலையில் பெருங்காற்று வீசிற்று, நிலம் அதிர்ந்தது, நெருப்பு எழுந்தது. அவற்றில் ஆண்டவர் இல்லை. பின்வந்த மெல்லிய ஒலியில்தான் எலியாஸ் அவர் பிரசன்னத்தை உணர்ந்து முகத்தை மூடிக்கொண்டார். 'நான் ஒருவனே எஞ்சியிருக்கிறேன்' என்பது எலியாசின் முறைப்பாடு. பாகாலுக்கு முழந்தாள் பணியாத 7,000 பேரைத் தாம் விட்டுவைத்திருப்பதாக ஆண்டவர் பதில் தந்தார். அந்த ஏழாயிரம் பேரில் ஒருவர் பெயரும் அங்கே எழுதப்படவில்லை. நம் பங்கின் ஐம்பது ஆண்டுகளைத் தாங்கி நிற்பவர்களும் இப்படிப்பட்டவர்களே. பிடியரிசி எடுத்து வைத்த தாய்மார்கள், கோயில் கட்டக் கல் சுமந்தவர்கள், அதிகாலையில் மணியடித்தவர்கள், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தந்தவர்கள். இவர்களில் பலரின் பெயர் இம்மலரில் இல்லை. இறைவனின் கணக்கில் இருக்கிறது. தனித்து நிற்பதாக எண்ணி வருந்தும் அன்பரே, ஏழாயிரம் பேர் நடுவில்தான் நிற்கிறீர்.

மூன்றாவது: வெறும் வலையைக் கழுவியவர்கள்

லூக்காஸ் நற்செய்தி 5-ஆம் அதிகாரம் நாம் நன்கு அறிந்தது. இரவெல்லாம் உழைத்தும் ஒரு மீனும் அகப்படவில்லை. ஆயினும் ஆண்டவர் கரைக்கு வந்தபோது இராயப்பரும் தோழர்களும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வலைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மீன் கிடைத்த அன்று வலையைக் கழுவுவது எளிது. ஒன்றும் கிடைக்காத அன்று கழுவுவதற்கு நெஞ்சில் நம்பிக்கை வேண்டும். நாளைக்கும் கடலுக்குப் போவேன் என்பவனே வலையைக் கழுவுவான். நாம் கேட்டது கிடைக்காதபோதும் மாலையில் விளக்கேற்றிக் குடும்ப செபம் சொல்வது, வெறும் வலையைக் கழுவுவது போன்றது. அப்படிப்பட்டவரின் படகைத்தான் ஆண்டவர் இரவல் கேட்டார். மீனில்லாத படகிலிருந்தே மக்களுக்குப் போதித்தார். பிறகுதான் ஆழத்துக்குப் போகச் சொன்னார். தொழில் தெரிந்த இராயப்பர் தம் அனுபவத்தை ஒதுக்கிவைத்து, அவர் சொல்லை நம்பி வலை வீசினார். அடுத்த படகையும் துணைக்கழைக்கும் அளவுக்கு மீன் கண்டார். ஆனால் கதை மீனோடு முடியவில்லை. கரை சேர்ந்ததும் யாவற்றையும் விட்டு ஆண்டவரைப் பின்சென்றனர். கேட்டதைப் பெறுவதைவிடக் கொடுப்பவரையே பெறுவது மேல் என்று அன்று கண்டுகொண்டனர்.

நான்காவது: எம்மாவுஸ் சாலை

லூக்காஸ் 24-ஆம் அதிகாரம். சீடர் இருவர் யெருசலேமை விட்டு, சுமார் பதினொரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள எம்மாவுஸ் என்னும் ஊருக்குப் போகின்றனர். இயேசுவின்மேல் கொண்டிருந்த நம்பிக்கையை முடிந்துபோன கதையாகப் பேசிக்கொண்டே நடக்கின்றனர். உயிர்த்த ஆண்டவர் அவர்களோடு சேர்ந்து நடந்தார். அவர்கள் தம்மை விட்டு விலகிச் செல்லும் பாதையிலேயே சேர்ந்து நடந்தார் என்பதைக் கவனியுங்கள். முதலில் அவர்கள் துயரத்தைச் சொல்லவிட்டுக் கேட்டார். பிறகே மோயீசன் தொடங்கி இறைவாக்கினர் அனைவரும் தம்மைப்பற்றி எழுதியவற்றை விளக்கினார். கேட்கக் கேட்க அவர்கள் நெஞ்சில் அனல் மூண்டது. அந்தி சாய்ந்ததும் வற்புறுத்தித் தங்கச் செய்தனர். அவர் அப்பத்தைப் பிட்டபோது கண் திறந்தது. இரவென்றும் பாராமல் அந்த நேரமே யெருசலேமுக்குத் திரும்பினார்கள்.

வழியிலே வார்த்தை, பந்தியிலே அப்பம்: நம் திருப்பலி அதுதான். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 நவம்பர் 18-இல் வெளியிட்ட இறை வெளிப்பாட்டு ஏட்டில், திருச்சபை ஆண்டவரின் உடலை வணங்குவதுபோல மறைநூலையும் வணங்கி வந்துள்ளதாகக் கூறுகிறது. மறைநூலை அறியாதவன் கிறிஸ்துவை அறியாதவன் என்னும் புனித எரோணிமுசின் எச்சரிக்கையையும் அது நினைவூட்டுகிறது. வாசகம் முடிந்தபின் வந்து சேர்பவர்கள் பந்தியில் பாதியை இழக்கிறார்கள் என்று அன்போடு சொல்வோம்.

இனி நாம் செய்யவேண்டியது என்ன? 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியம் பல வீடுகளில் மாலை போட்டு அலமாரியில் இருக்கிறது. அதைக் கீழே இறக்குவோம். லூக்காஸ் நற்செய்தியில் 24 அதிகாரங்கள் உள்ளன. இரவு செபமாலைக்குப் பின் நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால் 24 நாளில் முடியும். எழுத்தறியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளை வாசிக்கட்டும். பொருளைப் பாட்டி சொல்லட்டும். வாசித்தபின் ஒரு நிமிடம் மௌனமாய் இருப்போம். ஆண்டவர் மெல்லிய ஒலியில் வருபவர் என்பதை மறவாதிருப்போம்.

கேட்டவற்றையெல்லாம் தம் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்த தேவதாய் நமக்குத் துணை நிற்பாராக. இறைவா, ஐம்பது ஆண்டுகள் எங்களைத் தாங்கினீர், உமக்கு நன்றி. பகைத்தோரைச் சேர்த்து வையும். சோர்ந்தோரைத் தட்டியெழுப்பி உணவூட்டும். வெறும் வலையோடு கரையில் நிற்பவரின் படகில் ஏறும். உம்மை விட்டு விலகிச் செல்வோருடனும் வழிநடந்து, அப்பம் பிட்கையில் எங்கள் கண்களைத் திறந்தருளும். ஆமென்.