அட்டை எழுத ஆள் வேண்டும்



பட்டதாரிகளான உங்களில் பலர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். குறுவைக்கு விதைநெல் வாங்கினால் அப்பா முதலில் பார்ப்பது மூட்டையில் தைத்திருக்கும் அட்டையை. ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். ரகம் என்ன, என்றைக்குச் சோதித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நெல்லுக்கு முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஈரப்பதம் 13ஐத் தாண்டக் கூடாது. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் அறிவிக்கப்பட்ட ரகங்களுக்கு விவர அட்டையைக் கட்டாயமாக்கியது. தரம் குறைந்ததை விற்கத் தடை விதித்தது. அதற்கு மேல் எதை விதைப்பது என்பது வயலுக்குரியவர் பாடு.

இணையத்துக்கும் இந்த ஏற்பாடுதான் வேண்டும் என்று நம்புகிறேன்: பதிவுக்கு அட்டை, முடிவு படிப்பவருக்கு. இன்று சிலர் புகார் செய்தால், எங்கோ இருக்கும் நிறுவனம் ஒரு பதிவை எல்லோருக்குமாக அழித்துவிட முடிகிறது.

அழிக்கச் சொல்லும் வேகம் நமக்குப் புதிதல்ல. எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு மூண்டது. மறுமாதம், தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காதவர் படிக்காமல் விடலாம் என்று சொல்லி அவரை எழுத்துக்குத் திரும்பச் சொன்னது. அந்த ஒன்றரை ஆண்டு இழப்பு அவருடையது மட்டுமல்ல, நம்முடையதும்.

சினிமா கொஞ்சம் முன்னே போயிருக்கிறது: 2023 சட்டத் திருத்தம் யு/ஏ சான்றை 7, 13, 16 வயதுகளாகப் பிரித்து, முடிவைப் பெற்றோரிடம் விட்டது. புளூஸ்கை சமூக ஊடகத் தளத்தில் 2024 முதல் யார் வேண்டுமானாலும் அட்டை ஒட்டும் சேவை நடத்தலாம். எந்தச் சேவையை நம்புவது, அட்டை ஒட்டிய பதிவை மறைப்பதா, எச்சரிக்கையோடு காட்டுவதா என்பதைப் பயனரே தீர்மானிக்கிறார்.

அட்டை மட்டும் போதாத இடமும் உண்டு. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நாளில், போளூர் அருகே கோயிலுக்கு வந்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அந்த ஜூலையில் வாட்ஸ்அப், முன்னனுப்பப்பட்ட செய்திக்கு அடையாளம் இட்டதோடு, இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி தடுத்தது. இரண்டுமே தேவைதான். உயிரைக் குடிக்கும் பொய்யைத் தடுத்தே ஆக வேண்டும். மற்றவற்றுக்கு அட்டை போதும்.

அந்த அட்டையைத் தமிழில் எழுதப்போவது யார்? ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழும், ஊருக்கு ஊர் மாறும் வசவும், சாதிப் பெயர் சொல்லாமலே குத்தும் சாடையும் தானியங்கிக் கருவிக்கு எளிதில் பிடிபடுவதில்லை. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் வளர்ந்தவருக்குப் பிடிபடும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். தமிழ் படித்தவரும் கணினி படித்தவரும் ஒரே மேசையில் உட்காருங்கள். மேட்டூர் அணைத் திறப்பு, புயல், நெல் கொள்முதல் பற்றிச் சுற்றும் செய்திகளில் தொடங்குங்கள். அவற்றுக்கு முதலில் தேவை தேதி. ஒவ்வொரு அட்டையிலும் ஒட்டியவர் யார், காரணம் என்ன என்பது தெரியட்டும். தவறென்று யாராவது முறையிட்டால், கேட்டுத் திருத்த ஒருவரை அந்த மேசையில் எப்போதும் வைத்திருங்கள்.