சுவரில் எழுதியவர்கள்



பழைய கோட்டைகளையும் குகைகளையும் பார்க்கப் போகிறவர்களுக்குத் தவறாமல் ஓர் ஆசை வரும். 'நானும் இங்கே வந்தேன்' என்று எதிலாவது எழுதிவைக்கும் ஆசை. இன்று அதைப் பற்றியே பேசப் போகிறேன்.

ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் குடும்பத்தோடு தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் போயிருந்தோம். முதலில் தம்புள்ளை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் அரசிழந்த வலகம்பா மன்னன் அங்கே ஒளிந்திருந்தான் என்றும், மீண்டும் முடிசூடியபின் நன்றிக்கடனாக அக்குகைகளைக் கோயிலாக்கினான் என்றும் மரபு சொல்கிறது. மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையில் ஒரு விளிம்பு வெட்டியிருக்கிறார்கள். அதன் கீழே பிராமி எழுத்துக்கள். நம் நாட்டின் அக்காலக் குகைக் கல்வெட்டுகள் பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: இது இன்னாருடைய குகை, சங்கத்துக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்ததனால் நிலைத்த பெயர்கள் அவை.

மறுநாள் சீகிரியா. தந்தை தாதுசேனனைக் கொன்று அரசேறிய காசியப்பன், சகோதரன் முகலனுக்கு அஞ்சி, 5ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய 180 மீற்றர் உயரமான பாறையில் அமைத்த கோட்டை. அவன் மாண்டபின் அது துறவிகளின் இடமாயிற்று.

ஏறும் வழியில் இருக்கிறது கண்ணாடிச் சுவர். சுண்ணச்சாந்து பூசிப் பளபளக்க மெருகிட்ட சுவர். அதற்கு மேலே, பாறைக் குடைவில், புகழ்பெற்ற ஓவியப் பெண்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அவர்களைப் பார்க்க வந்தவர்கள் இந்தச் சுவரில் பாடல்களைக் கீறினார்கள். பேராசிரியர் பரணவிதான அவற்றில் 685ஐப் படித்து 1956இல் நூலாக வெளியிட்டார். பழைய சிங்களக் கவிதையின் பெருஞ்செல்வம் அது. எழுதியவர்களில் துறவிகளும் உண்டு, பெண்களும் உண்டு. ஓவியப் பெண்கள் வாய்திறந்து பேசவில்லையே என்று ஏங்கியவர்களும் உண்டு.

இதைச் சொல்லிக்கொண்டு வந்தபோது என் மகள் கேட்டாள்: "அப்பா, அவையள் எழுதலாம், நான் எழுதினால் மட்டும் பிழையோ?"

சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2015இல் இந்தச் சுவரில் பெயரைக் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு 2 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் ஜனாதிபதியின் மன்னிப்பில் அவர் விடுதலையானார். ஆனால் கேள்வி கேட்ட பிள்ளைக்குச் சிறையைக் காட்டுவது விடையாகாது. சுவரை உற்றுப் பார்க்கச் சொன்னேன். மயிரிழை போன்ற எழுத்துக்கள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. இனி விழும் கீறல் எதுவும் பழைய ஒருவருடைய சொல்லை அழித்துக்கொண்டுதான் விழும்.

அவள் விடவில்லை. "அப்ப நான் வந்தது ஆருக்குத் தெரியும்?"

நியாயமான கேள்வி. அந்தக் கவிஞர்களிலும் பலர் பெயரையும் ஊரையும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நாம் இன்று அவர்களைத் தேடிப் போவது பெயருக்காகவா? கண்டதைக் கண்டபடி, பட்டதைப் பட்டபடி சொன்னார்களே, அதற்காக அல்லவா? அன்று அவர்களுக்குக் கிடைத்தது சுவர். நமக்குக் காகிதம் இருக்கிறது.

ஆகவே நேயர்களே, அடுத்த விடுமுறைக்குப் புறப்படும்போது, சோற்றுப் பார்சலோடும் தண்ணீர்ப் போத்தலோடும் பிள்ளைக்கு ஓர் அப்பியாசக் கொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை முதற் பக்கத்தில் எழுதட்டும். மிச்சப் பக்கங்களில், பார்த்ததை எழுதட்டும்.