ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர்



பிள்ளை மதுவைத் தொட்டுவிட்டான் என்று அறிந்தவுடன் பெற்றோர் முதலில் பழிப்பது அவனுடைய நண்பர்களையே. அது முழு உண்மையன்று. காதணி விழா, கிடாவிருந்து என்று உறவினர் கூடும் நாளில் பந்தலின் பின்புறம் நடப்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். "தம்பி, ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டிலும் மிக்சரும் வாங்கி வா" என்று மாமன் அனுப்புகிறார். போய் வருபவன் எட்டாம் வகுப்பு மாணவன். அடுத்த ஆண்டு அவனே மதுப்புட்டியையும் சுமந்து வருகிறான். அதற்கடுத்த ஆண்டு, "ஒரு வாய் பீர்தானே, ஆண்பிள்ளைதானே" என்று ஒருவர் அவனிடமே நீட்டுகிறார். நீட்டிய கை அயலார் கையன்று.

இது விளையாட்டும் அன்று. 18 வயது நிறையாதவருக்கு மது கொடுப்பதும், மதுவைச் சுமந்துவர அவரை ஏவுவதும் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி குற்றங்கள். 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்றலே கூடாது. இவ்வயது வரம்புக்குக் காரணம் உண்டு. மனித மூளை இருபத்தைந்து வயதளவிலேயே முழு வளர்ச்சி அடைகிறது. 15 வயதுக்கு முன்னர்க் குடிக்கத் தொடங்குவோர் பிற்காலத்தில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு, 21 வயதில் தொடங்குவோரைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 1997இல் கண்டது.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, அதில் பெற்ற தாயின் முகத்தையும் நினைவூட்டுகிறார். தான் குடித்துவிட்டு மகனைக் கண்டிக்கும் தந்தையின் சொல்லோ அம்பலம் ஏறாது.

குடியாத தந்தைக்கும் ஓர் இடர் உண்டு. "அவன் வீட்டில் விடுகிறார்களே!" என்று மகன் கூறும் ஒரு சொல்லில் அவருடைய கண்டிப்பு தளர்ந்துவிடும். அச்சொல்லை வென்று காட்டியது வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஐஸ்லாந்து என்னும் சிறு நாடு. 1998இல் அங்கு 15, 16 வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 42 பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்திருந்தனர். 2016இல் அது 5 பேராகக் குறைந்தது. பள்ளிதோறும் பெற்றோர் கூடி, பிள்ளைகளுக்கு மது வாங்கித் தருவதில்லை, பெரியவர் இல்லாத விருந்துக்கு அனுப்புவதில்லை என்று ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டனர். வார இறுதி இரவுகளில் முறை வைத்துத் தெருக்களில் நடந்தனர். 13 முதல் 16 வயதினர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் பெரியவர் துணையின்றி வெளியே நிற்கச் சட்டம் இடந்தரவில்லை. விளையாட்டும் இசையும் பயிலத் தலைநகராட்சி பிள்ளைக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் உதவித்தொகை அளித்தது. வெறும் அறிவுரைக் கூட்டங்களால் இது கைகூடவில்லை. மாலைப்பொழுது வெறுமையாய் இராததும் பெருங்காரணம்.

தமிழகத்துச் சிற்றூர்களுக்கு இவ்வொற்றுமை புதிதன்று. தலைக்கட்டு வரி வகுத்துத் திருவிழா நடத்தும் பெரியோர், அதே கூட்டத்தில், எந்த வீட்டு விசேஷத்திலும் சிறுவரை இவ்வேலைக்கு ஏவுவதில்லை என்றும் ஒரு முடிவு எடுக்கலாம். கபடியோ சிலம்பமோ தேவாரப் பயிற்சியோ, மாலை ஆறு மணிக்குப் பிள்ளை போய்ச் சேர ஓரிடம் வேண்டும். அதற்கான செலவு ஒரு நாள் வாணவேடிக்கைச் செலவை விட மிகாது.

இத்தனைக்குப் பின்னும் ஒரு மகன் ஓர் இரவு வாடையோடு வரக்கூடும். அந்நேரத்தில் வாசலில் நிறுத்தி அடித்தல் வேண்டா. அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தனியே விடாமல் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சை அடைத்துவிடும். எழுப்பியும் எழாவிடில், அல்லது மூச்சு மெலிந்தால், உடனே 108ஐ அழைத்தல் வேண்டும். தெளிந்தபின், மறுநாள், யார் கொடுத்தது என்று அமைதியாகக் கேட்கலாம். பழக்கம் தொடர்ந்தால் மறுவாழ்வு ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லா எண்ணும், சிறுவருக்கு உதவி வேண்டின் 1098 என்ற எண்ணும் உள்ளன.