நடத்தை மாறினால் உடம்பையும் பாருங்கள்

நான் பத்தாவது வரைதான் படிச்சவ. தெரிஞ்சதைச் சொல்றேன்.

ஒரு பெண் திடீர்னு பேசாமல் உட்கார்ந்தாலும், எரிந்து விழுந்தாலும் நாம் என்ன சொல்வோம்? திமிருன்னு சொல்வோம், இல்லைன்னா காத்து கருப்புன்னு சொல்வோம். மனநல மருத்துவர்கள் அவள் உடம்புக்குள் என்ன நடக்குதுன்னும் பார்க்கிறார்கள். இதயம் மாதிரி மூளையும் ஓர் உறுப்புதான். அதில் செய்தி கடத்துகிற செரட்டோனின், டோபமின் போன்ற ரசாயனங்கள் இருக்கு. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரந்தால் சோர்வு, மறதி, மனவாட்டம் வரலாம். அதிகமானால் படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை வரலாம். இரத்தசோகையாலும் அசதி வரும். இதெல்லாம் குணக்கேடு இல்லை.

என் ஓரகத்தி எந்நேரமும் படுத்தே கிடந்தா. சோம்பேறின்னு பேர் வாங்கினா. இரத்தம் சோதித்தப்ப தைராய்டு குறைவுன்னு தெரிஞ்சது. மாத்திரை சாப்பிட்டு, சில மாசத்தில் பழையபடி குழுக் கணக்கு எழுத வந்துட்டா.

பிரசவமானதும் ஹார்மோன் சட்டென்று குறையும். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுதுகிட்டே இருந்தால் மருத்துவரிடம் காட்டணும். தூக்கமே இல்லாமல், யாரோ பேசுறது கேக்குதுன்னு சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். பிள்ளையையும் தாயையும் தனியா விடக்கூடாது.

நம்ம மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் தடை செய்கிறது. தர்காவுக்கோ கோயிலுக்கோ நேர்ந்துக்க வேண்டாம்னு நான் சொல்லல. நேர்த்திக்கடனும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும்.

அதுக்காக எல்லாத்துக்கும் மாத்திரையே போதும்னு நினைக்காதீங்க. நம்ம பெரிய கண்மாயில் தண்ணி குறைஞ்சா, மடை ஒழுகுதான்னும் பார்க்கிறோம், வரத்துக்கால் அடைச்சிருக்கான்னும் பார்க்கிறோம். உடம்பு மடை மாதிரி, வாழ்க்கை வரத்துக்கால் மாதிரி. வட்டிக் கடன், குடிச்சிட்டு அடிக்கிற புருஷன், விளையாத வயல், இதுவும் மனசைக் கெடுக்கும். அதில் குழு கைகொடுக்கணும்.

ஆகவே சகோதரிகளே, உங்க குழுவில் யாராவது ஆள் மாறிப் போயிருந்தால் புறம் பேசாதீங்க. கூட ஒருத்தர் போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க. அரசோட மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைங்க.