கவிதைக்கு உரைகல்: திறனாய்வின் தொடக்கம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழா, நெல்லியாளம் – உரை வடிவம்)



கவிதை பாடப்பெற்ற இடத்தில் அதனை நிறுத்துப் பார்க்கும் அவையும் விரைவில் தோன்றிவிடுகிறது. தமிழில் இதற்குப் பழஞ்சான்று, ஏறத்தாழ கி.பி. 8ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இறையனார் களவியல் உரையில் வரும் கதை. அறுபது நூற்பாக்களுக்குப் புலவர் பலர் உரை கண்டனர். எது மெய்யுரை என்பதில் பூசல் எழுந்தது. உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது மூங்கைப் பிள்ளை நடுவனாக அமர்த்தப்பட்டான். மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களில் மட்டும் உருகிய அப்பிள்ளை, நக்கீரனார் உரை முழுமைக்கும் கண்ணீர் சொரிந்தான்.

கதையின் உட்கிடை ஆழமானது. நடுவன் பேச இயலாதவன். முகமன் கூறவும் அவனால் இயலாது. கேட்டவன் மெய்யில் தோன்றும் உணர்வே தீர்ப்பாயிற்று. தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியலை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

அரபு நாட்டிலும் இத்தகைய செய்தி உண்டு. இஸ்லாத்திற்கு முற்பட்ட காலத்தில் உக்காழ் சந்தையில் நாபிகா என்னும் முதுபுலவர் தோற்கூடாரத்தில் அமர்ந்து பாடல்களுக்குத் தரம் வகுத்தார் என்பது மரபு. அங்கும் தீர்ப்பு முந்திற்று, காரணம் பிந்திற்று. 9ஆம் நூற்றாண்டில் இப்னு சல்லாம் அல்-ஜுமஹீ புலவர்களை வகுப்புகளாகப் பிரித்தார்; பழம்பாடல்களுள் பிற்காலத்தார் புனைந்து நுழைத்தவற்றை இனங்காண வேண்டும் என்றும் வலியுறுத்தினார். 10ஆம் நூற்றாண்டில் குதாமா இப்னு ஜஅஃபர் தம் நூற்பெயரிலேயே 'நக்த்' என்னும் சொல்லை அமைத்தார். நல்ல நாணயத்தையும் கள்ள நாணயத்தையும் பிரித்தறிதல் என்பது அச்சொல்லின் பழம்பொருள்களுள் ஒன்று.

தமிழில் காரணங்கூறும் பணியை உரையாசிரியர்கள் ஏற்றனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை கண்ட சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரைப் பல இடங்களில் மறுக்கிறார். மறுக்குமிடத்தும் 'உரையாசிரியர்' என்றே குறிக்கிறார். மறுப்பும் மதிப்பும் ஒருங்கே நிற்கும் இப்பண்பு தமிழ்த் திறனாய்வின் முதற்பேறு எனலாம்.

பத்தாண்டு கூடிய வட்டத்தில் கவிஞர் அனைவரும் நண்பராகிவிடுவர். நட்பு நாவைக் கட்டும். கைதட்டல் மிகும், காரணம் குறையும். முற்றிய இலையைக் கொழுந்தோடு கலந்து நிறுத்தால் எடை கூடும், தேயிலையின் தரம் கெடும் என்பதை இம்மலைவாழ் மக்கள் நன்கறிவர். இனி இங்கு வாசிக்கப்படும் ஒவ்வொரு கவிதைக்கும், எவ்விடத்தில் சிறக்கிறது, எவ்விடத்தில் தளர்கிறது என ஒருவரேனும் காரணத்தோடு எடுத்துரைக்கும் வழக்கம் நிலைபெறுமாயின், அடுத்த பத்தாண்டின் கவிதை இதனினும் செழிக்கும்.